கிடைக்கிணற்றைத் திட்டமிடுவதும் மதிப்பிடுவதும்: எண்ணெய்க்களப் பணிக்குச் செல்வோருக்கான வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தரைக்குக் கீழே இருப்பது விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய உருமாறிய பாறை. எண்ணெயும் இயற்கை வாயுவும் உருவாகித் தங்குவதற்கு வேண்டிய தடித்த அடையற்பாறை இங்கில்லை. ஆகவே வாகரையிலோ உகனையிலோ எவரும் எண்ணெய்க்கிணறு துளைக்கப் போவதில்லை. நாட்டில் வாயு கண்டறியப்பட்டது 2011 இல், மன்னார்ப் படுகையின் ஆழ்கடலில் கெயின் லங்கா நிறுவனம் துளைத்த டொராடோ, பராகுடா ஆகிய கிணறுகளில். கிழக்குக் கரைக்கு அப்பால் ஜே.எஸ். 5, ஜே.எஸ். 6 எனக் குறிக்கப்பட்ட கடற்பரப்புகளை ஆராய்வதற்கு 2016 இல் பிரான்சின் டோட்டல் நிறுவனத்துடன் உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தானது. ஆனால் ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என நமது ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். ஒலுவிலில் பொறியியல் பயின்றுவிட்டு எண்ணெய்த் துறையில் கால்வைக்க விரும்புவோரும் உள்ளனர். வளைகுடாவில் புதிதாகத் துளைக்கப்படும் கிணறுகளுள் பெரும் பங்கு கிடைக்கிணறுகள், அதாவது நேராக இறங்கி வளைந்து எண்ணெய் உள்ள பாறைக்குள் கிடையாக ஓடும் கிணறுகள், என்பதால், அத்தகைய கிணறு எவ்வாறு திட்டமிடப்படுகிறது, துளைத்து முடித்த பின் அது தேறியதா இல்லையா என்பது எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்பவற்றை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவர்களுக்குப் பயன்படும். இதிலுள்ள கணக்குகளுக்கு உயர்தர இணைந்த கணிதம் போதும்.

திட்டமிடலுக்கு அடிப்படையான ஒழுங்கு ஒன்றுதான்: எண்ணெய்ப்படையில், அதாவது எண்ணெய் தங்கியுள்ள பாறை அடுக்கில், தொடங்கி மேல்நோக்கி வரவேண்டும். படையின் தடிப்பு, சரிவு, அதன் ஆழத்தை நாம் எவ்வளவு உறுதியாக அறிந்திருக்கிறோம் என்பன முதலில். கிடைப்பகுதியின் நீளமும் திசையும் அதற்குப் பின். வளைவு அதற்கும் பின். றிக் எனப்படும் துளையிடும் கோபுரம் நிற்கவேண்டிய இடம் கடைசியில். காலியாக உள்ள றிக்கையும் கைவசமுள்ள குழாய்களையும் வைத்துத் தொடங்கும் திட்டங்கள் தாளில் அழகாக இருக்கும், படைக்குள் சென்றதும் தடுமாறும்.

கிடைக்கிணறு உண்மையில் தேவையா

கிடைக்கிணறு நிலைக்குத்துக் கிணற்றைவிடச் செலவு கூடியது. களத்தையும் அனுபவத்தையும் பொறுத்து ஒன்றரை மடங்கிலிருந்து மூன்று மடங்குவரை போகலாம். ஆகவே அதைத் தேர்வதற்குத் தெளிவான காரணம் இருக்கவேண்டும். களங்களில் காணப்படும் காரணங்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும்.

முதலாவது, மெல்லிய படை. நோர்வேயின் துரோல் களத்தின் மேற்குப் பகுதியில் பெரும் வாயுத் தொகுதியின் கீழே எண்ணெய் 22 முதல் 26 மீற்றர் வரையான தடிப்பிலும், சில இடங்களில் 12 முதல் 14 மீற்றர் வரையான தடிப்பிலும் மட்டுமே கிடக்கிறது. நிலைக்குத்துக் கிணறுகளால் அதை இலாபகரமாக எடுக்க வழியில்லாதிருந்தது. கிடைக்கிணறுகளே அந்த எண்ணெயைப் பெறுமதியுள்ளதாக்கின.

இரண்டாவது, நீரோ வாயுவோ இழுபட்டு வருதல். இதை நமது கரையோர மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. கல்லடியிலிருந்து கல்முனைவரை மணற்பாங்கான கரையில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கிறது. மோட்டார் பூட்டி வேகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு கூம்புபோல் மேலெழுந்து கிணற்றுக்குள் வரும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் உவராகிப்போன கிணறுகளை அளவுமீறி இறைக்க வேண்டாமென எச்சரிக்கப்பட்டதற்கும் இதுவே காரணம். எண்ணெய்ப்படையிலும் நடப்பது இதேதான். நிலைக்குத்துக் கிணறு ஒரே புள்ளியைச் சுற்றிப் பெரும் அமுக்க வீழ்ச்சியை ஏற்படுத்துகிறது. கிடைக்கிணறு அதே அளவு எண்ணெயை நூற்றுக்கணக்கான மீற்றர் நீளத்தில் மெதுவாக இழுப்பதால் நீர் மேலெழுவதும் வாயு கீழிறங்குவதும் தாமதமாகின்றன. 1998 இல் உற்பத்தி தொடங்கிய சவூதியின் ஷேபா களத்தில் எண்ணெயின் மேல் பெரிய வாயுத்தொப்பி இருந்தமையால் தொடக்கத்திலிருந்தே கிடைக்கிணறுகள் துளைக்கப்பட்டன.

மூன்றாவது, நிலைக்குத்தான இயற்கை வெடிப்புகள் கொண்ட பாறை. நிலைக்குத்துக் கிணறு இரு வெடிப்புகளுக்கு இடையே எதிலும் படாமல் இறங்கிவிடலாம். குறுக்காகச் செல்லும் கிணறு பலவற்றை வெட்டும். 1980களின் தொடக்கத்தில் பிரான்சின் எல்ஃப் நிறுவனம் இத்தாலிக் கரைக்கு அப்பால் ரொஸ்போ மாரே களத்தில் துளைத்த கிணறும், 1990 ஐ ஒட்டி டெக்சாசின் ஒஸ்ரின் சுண்ணப்பாறையில் எழுந்த துளையிடல் அலையும் இத்தகையவை. நான்காவது, மேற்பரப்பில் றிக் நிறுத்த முடியாத இடம். இங்கிலாந்தின் விட்ச் ஃபார்ம் களத்தில் கரையில் நின்றே கடலின் அடியிலுள்ள எண்ணெய்க்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் கிடையாகச் சென்றார்கள்.

காரணம் கிடைத்துவிட்டால் கணக்குப் பார்க்கவேண்டும். ஜோஷி 1988 இல் வெளியிட்ட சமன்பாடு, பின்னர் பாறையின் திசைவேறுபாட்டுக்காகத் திருத்தப்பட்ட வடிவில், முதல் மதிப்பீட்டுக்கு இன்றும் பயன்படுகிறது. அதில் தீர்க்கமான கணியங்கள் மூன்று: படையின் தடிப்பு, கிடைப்பகுதியின் நீளம், எண்ணெய் பாறையினூடு நிலைக்குத்தாகச் செல்லும் எளிமைக்கும் கிடையாகச் செல்லும் எளிமைக்கும் உள்ள விகிதம். வடிகால் ஆரை (கிணறு எண்ணெயை இழுக்கும் பரப்பின் ஆரை) 600 மீற்றர், கிணற்றின் ஆரை 0.1 மீற்றர், கிடைப்பகுதி 600 மீற்றர் என வைத்துக்கொள்வோம். படையின் தடிப்பு 10 மீற்றராகவும் இரு திசைகளிலும் ஊடுபுகவிடும் இயல்பு சமமாகவும் இருந்தால், கிடைக்கிணறு அதே இடத்து நிலைக்குத்துக் கிணற்றைப்போல் ஏறக்குறைய 6 மடங்கு தரும். நிலைக்குத்து இயல்பு பத்திலொன்றாகக் குறைந்தால் 5.4 மடங்கு, அதிக இழப்பில்லை. ஆனால் அதே பத்திலொன்று விகிதத்தில் தடிப்பு 60 மீற்றராகும்போது 2.6 மடங்காக இறங்குகிறது. தடிப்பு 60 மீற்றரும் விகிதம் நூற்றிலொன்றுமாக இருந்தால் கிடைப்பது 1.1 மடங்கு மட்டுமே. இரட்டிப்புச் செலவில் பத்து வீத இலாபத்தை எவரும் வாங்கமாட்டார்கள்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு வேலை பிறக்கிறது. நிலைக்குத்து இயல்பைப் பாறைமாதிரியிலிருந்து நேரடியாக அளக்காமல் வழமையான ஓர் எண்ணை ஊகமாக இட்டு நிரப்பியிருந்தால், தடித்த படைகளில் முழுத் திட்டமும் அந்த ஊகத்தின் மேல் நிற்கும். அருகிலுள்ள நிலைக்குத்துக் கிணற்றின் பாறைமாதிரிகளை ஆய்வுகூடத்தில் இரு திசைகளிலும் அளக்கச் சொல்லுங்கள். மெல்லிய களிப்பட்டை ஒன்று படையின் நடுவே பரந்து ஓடினால், அது மாதிரியில் ஒரு சாண் அளவாகத் தெரிந்தாலும், எண்ணெயின் மேல்கீழ் ஓட்டத்தை முழுமையாக மறித்துவிடும். அத்தகைய இடத்தில் சராசரி விகிதம் எதையும் சொல்லாது.

வளைவும் ஆழமும்

நிலைக்குத்திலிருந்து கிடைக்குத் திரும்பும் வளைவின் ஆரையைக் கணிப்பது எளிது. 30 மீற்றர் நீளத்துக்கு எத்தனை பாகை திருப்புகிறோமோ அந்த எண்ணால் 1719 ஐ வகுத்தால் ஆரை மீற்றரில் கிடைக்கும். 30 மீற்றருக்கு 6 பாகை என்றால் ஏறக்குறைய 286 மீற்றர். எண்ணெய்ப்படை 2400 மீற்றர் ஆழத்தில் இருந்தால் வளைவு 2114 மீற்றரில் தொடங்கும்; வளைவின் நீளம் 450 மீற்றர்; 600 மீற்றர் கிடைப்பகுதியையும் சேர்த்தால் கிணற்றின் மொத்த நீளம் 3164 மீற்றர். மெதுவான வளைவு குழாய்களுக்கும் கேசிங்குக்கும் (கிணற்றுச் சுவரைத் தாங்கும் உருக்குக் குழாய்) இதமானது, ஆனால் இடம் பிடிக்கும். கூர்மையான வளைவு இடத்தைச் சேமிக்கும், ஆனால் உள்ளே இறக்கக்கூடிய கருவிகளைக் கட்டுப்படுத்தும். குறுகிய காணிக்குள் அல்லது பழைய கிணற்றின் பக்கத்தைத் துளைத்து வெளியேறும்போது மட்டுமே மிகக் கூர்மையான வளைவுக்குத் தேவை வரும்.

இவ்வளவும் ஆழம் சரியாகத் தெரிந்திருந்தால். உண்மையில் நில அதிர்வலை ஆய்வு தரும் ஆழத்தில் பல மீற்றர் பிழை இருக்கலாம், படையின் தடிப்போ பத்து மீற்றர். கிணறு முழுவதும் இந்த ஒரு முரணில்தான் தொங்குகிறது, ஆதலால் திட்டத்தில் அதிக நேரம் இதற்கே செல்லவேண்டும்.

பிழை இரண்டு இடங்களிலிருந்து வரும். ஒன்று நிலவியல்: படை நாம் எதிர்பார்த்த ஆழத்தில் இல்லை, அல்லது நாம் எதிர்பார்த்த சரிவில் இல்லை. 2 பாகைச் சரிவு 1000 மீற்றர் தூரத்தில் 35 மீற்றர் உயர வேறுபாட்டைத் தரும். மற்றையது அளவீடு: சாய்வுக்கோணத்தில் அரைப் பாகை நிரந்தரப் பிழை இருந்தால் 1000 மீற்றர் கிடைப்பகுதியின் முடிவில் கிணறு நாம் நினைக்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய 9 மீற்றர் மேலோ கீழோ இருக்கும். பத்து மீற்றர்ப் படையில் அது படைக்கு வெளியே. துளைக்குழாயின் கீழ்த்தொகுதி தன் பாரத்தால் சற்றுத் தொய்வதே இத்தகைய பிழைக்குப் போதும். தொய்வுத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேட்பதற்கு இளநிலை உத்தியோகத்தர் தயங்கவேண்டியதில்லை.

அளவுகருவி ட்ரில் பிட்டுக்கு (பாறையை வெட்டும் நுனி) பல மீற்றர் பின்னால் இருப்பதையும் மறக்கக்கூடாது. அந்தத் தூரம் 15 மீற்றராகவும் வளைவு 30 மீற்றருக்கு 6 பாகையாகவும் இருந்தால், திரையில் காணும் கோணத்துக்கும் பிட்டின் உண்மைக் கோணத்துக்கும் 3 பாகை வேறுபாடு. அதனால் திரையைப் பார்த்துத் திருத்துவோர் எப்போதும் சற்று முந்தைய கிணற்றைத்தான் திருத்துகிறார்கள்.

ஆழத்தின் ஐயத்தைச் சமாளிக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, நிலைக்குத்தாகவோ சரிவாகவோ ஒரு முன்னோடித் துளையைப் படையின் ஊடாக இறக்கி, அதன் மேற்பரப்பையும் அடிப்பரப்பையும் நீர்மட்டத்தையும் அளந்துவிட்டு, அதைச் சீமெந்தால் அடைத்து, மேலிருந்து மீண்டும் வளைப்பது. செலவுதான்; ஆனால் புதிய களத்தில் முதல் கிடைக்கிணற்றுக்கு இதைத் தவிர்ப்பது சிக்கனமாகாது என்பது என் கருத்து. இரண்டாவது, வளைவை ஒரே வீச்சில் 90 பாகைக்குக் கொண்டுபோகாமல், 80 பாகையளவில் நிறுத்தி நேராகச் சென்று, படையின் தலையைக் கருவிகள் காட்டிய பின் மீதியைத் திருப்புவது. 80 பாகையில் 10 மீற்றர் ஆழம் இறங்குவதற்கு 58 மீற்றர் துளைக்க வேண்டும். இந்த உபரி நீளத்தைத் திட்டத்திலும் வரவுசெலவிலும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். படைக்குள் நுழைந்த பின், துளையிடும்போதே பாறையின் காமாக் கதிர்வீச்சையும் மின்தடையையும் அளக்கும் கருவிகளைக் கொண்டு நிலவியலாளர் வழிநடத்துவார். மின்தடைக் கருவி சில மீற்றர் தொலைவில் வரும் எல்லையை முன்கூட்டியே காட்டும் என்பதால், மெல்லிய படையில் அதற்குக் கொடுக்கும் வாடகை வீணாவதில்லை.

திசை

இயற்கை வெடிப்புகள் உள்ள பாறையில் அவற்றுக்குச் செங்குத்தாகச் செல்லவேண்டும். வெடிப்பில்லாத இறுக்கமான பாறையை நீரமுக்கத்தால் உடைப்பதானால், கிடைத் தகைப்புகளுள் சிறியது இருக்கும் திசையில் துளைக்க வேண்டும். அப்போது உடைவுகள் கிணற்றுக்குக் குறுக்கே திறக்கும், ஒவ்வோர் உடைவும் புதிய பாறையைத் தொடும். கிணறு பெரிய தகைப்பின் திசையில் ஓடினால் உடைவு கிணற்றின் நெடுகிலும் ஒரே தளமாகப் பிளந்து நின்றுவிடும். தகைப்பின் திசையை அருகிலுள்ள கிணறுகளின் சுவர் உதிர்ந்த பக்கங்களிலிருந்து அறியலாம்.

துளையிடும்போது பார்க்க வேண்டியவை

கிடைப்பகுதியில் புவியீர்ப்பு நமக்கு எதிராக நிற்கிறது. குழாய் கிணற்றின் அடிப்பக்கத்தில் படுத்துக் கிடப்பதால் உராய்வும் முறுக்கமும் கூடுகின்றன. பாரமான குழாய்களைக் கீழே வைத்தால் அவை பிட்டைத் தள்ளுவதற்குப் பதில் இழுவையைத்தான் கூட்டும். எனவே பாரக்குழாய்கள் நிலைக்குத்துப் பகுதியிலும் இலகுவான குழாய்கள் கிடைப்பகுதியிலும் வைக்கப்படுகின்றன. தள்ளும் விசை எல்லை மீறினால் குழாய் சுருள்போல் வளைந்து சுவரில் அழுந்தி, அதற்குமேல் எவ்வளவு தள்ளினாலும் பிட்டுக்கு எதுவும் போய்ச் சேராது. திட்டத்தில் உராய்வுக் குணகத்தை ஒரே எண்ணாக வைக்காமல் குறைந்தது, எதிர்பார்ப்பது, மோசமானது என மூன்றாக வைத்து இழுவையைக் கணித்து, துளைக்கும்போது புதிய குழாய் சேர்க்கும் ஒவ்வோர் இணைப்பிலும் தூக்குபாரத்தையும் இறக்குபாரத்தையும் குறித்து அந்த மூன்று கோடுகளின் மேல் பதியுங்கள். பதிவு மோசமான கோட்டை நோக்கி நகரத் தொடங்கினால் துளை அழுக்காகிறது என்று பொருள். குழாய் சிக்குவதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை இதுதான்.

பாறைத்துகள்களை வெளியேற்றுவதில் மிகக் கடினமான பகுதி கிடைப்பகுதி என்று பலரும் எண்ணுவர். உண்மையில் நிலைக்குத்திலிருந்து 45 முதல் 60 பாகை வரையான சாய்வுப் பகுதிதான் மோசமானது. அங்கே படிந்த துகள்கள் பம்பு நின்றதும் சரிந்து கீழே குவியும். துகள்களை வெளியே கொண்டுவரக் குழாய் வழியே பம்பு செய்யும் துளையிடற் சேற்றைத் தடிப்பாக்குவதைவிட ஓட்டவேகத்தைக் கூட்டுவதும் குழாயைச் சுழற்றுவதும் பயன் தரும். மட் மோட்டாரால் (சேற்றின் ஓட்டத்தால் பிட்டை மட்டும் சுழற்றும் மோட்டார்) குழாயைச் சுழற்றாமல் வழுக்கிச் செல்லும் நேரம் நீண்டால், இடையிடையே நிறுத்தித் துளையைச் சுத்தம் செய்யும் நேரத்தையும் திட்டத்தில் சேருங்கள்.

நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு, அது பெரும்பாலும் அமுக்கத்திலிருந்து வரும். கிடைப்பகுதி எவ்வளவு நீண்டாலும் ஆழம் மாறாததால் பாறை தாங்கும் அமுக்கம் மாறுவதில்லை. ஆனால் சேறு திரும்பி வரும் பாதை நீள்வதால் அதன் உராய்வு அமுக்கம் மீற்றருக்கு மீற்றர் கூடுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பாறை பிளந்து சேற்றைக் குடிக்கத் தொடங்கும். கட்டாரின் அல் ஷாஹீன் களத்தில் 2008 இல் 12,289 மீற்றர் நீளமான கிணறு துளைக்கப்பட்டது. அதைச் சாதனையாக வியப்பதில் தவறில்லை. உங்கள் கிணற்றின் நீளத்தை அதைப் பார்த்துத் தீர்மானிப்பதுதான் தவறு. நீண்ட கிணற்றுக்குள் எண்ணெய் ஓடும்போதும் அமுக்கம் இழக்கப்படுவதால் வளைவிலிருந்து தொலைவிலுள்ள தொலைமுனைப் பகுதி குறைவாகவே தரும்.

நிறைவு செய்யும் முறையைப் பற்றிச் சுருக்கமாக: உறுதியான சுண்ணப்பாறையில் திறந்த துளையே போதும், தளர்ந்த மணற்பாறைக்கு மணல்தடுப்புத் திரை வேண்டும், நீரமுக்கத்தால் உடைப்பதானால் லைனரை (கிடைப்பகுதிக்குள் இறக்கும் உட்குழாய்) சீமெந்திட்டு அதன் சுவரில் துளைகள் இட வேண்டும், வளைவை ஒட்டிய அருகுமுனையில் நீர் முந்தி வரும் ஆபத்திருந்தால் ஓட்டத்தைச் சமப்படுத்தும் சாதனங்கள் பொருத்தப்படும். இது துளைப்பதற்கு முன் தீர்மானிக்கப்பட வேண்டியது, ஏனெனில் துளையின் விட்டம் இதிலிருந்தே வருகிறது.

மதிப்பீடு

கிணறு ஓடத் தொடங்கிய முதல் வாரத்து அளவை வைத்து வெற்றியை அறிவிப்பது இத்துறையின் பழைய வழக்கம். வெடிப்புள்ள பாறையில் முதலில் வெளிவருவது வெடிப்புகளில் நிறைந்திருந்த எண்ணெய். ஒஸ்ரின் சுண்ணப்பாறையில் பெரு வேகத்தில் தொடங்கிய பல கிணறுகள் குறுகிய காலத்தில் செங்குத்தாக வீழ்ந்தன. எதை வெற்றி என்று கொள்வோம் என்பதைத் துளைப்பதற்கு முன் எழுதி வைப்பதே இதற்கு மாற்று.

முதலில் வடிவத்தைப் பாருங்கள். துளைத்த நீளத்தில் எவ்வளவு உண்மையில் நல்ல பாறைக்குள் இருக்கிறது? மேலே சொன்ன 10 மீற்றர்ப் படையில், பத்திலொன்று விகிதத்தில், 600 மீற்றரும் படைக்குள் இருந்தால் 5.4 மடங்கு எதிர்பார்த்தோம். 300 மீற்றர் மட்டுமே உள்ளே இருந்தால் அது 3.4 மடங்கு. கிணறு 3.4 மடங்கு தந்தால் பாறை ஏமாற்றவில்லை, வழிநடத்தல் ஏமாற்றியது. அடுத்த கிணற்றில் திருத்த வேண்டியதும் அதையே.

அடுத்து அமுக்கச் சோதனை. கிணற்றை மூடி அமுக்கம் மீள்வதைப் பதியும்போது ஓட்டம் மூன்று கட்டங்களாகத் தெரியவேண்டும்: கிணற்றைச் சுற்றி நிலைக்குத்துத் தளத்தில் ஆரைவழி ஓட்டம், பின் கிடைப்பகுதியை நோக்கி நேர்கோட்டு ஓட்டம், நீண்ட நேரத்தின் பின் முழுக் கிணறும் ஒரு புள்ளிபோல் நடந்துகொள்ளும் ஓட்டம். முதற் கட்டம்தான் நிலைக்குத்து இயல்பையும் கிணற்றுச் சுவரின் சேதத்தையும் காட்டுகிறது, ஆனால் கிணற்றுக்குள் நிறைந்துள்ள திரவத்தின் விளைவு பெரும்பாலும் அதையே மூடிவிடும். அமுக்கமானியையும் மூடும் வால்வையும் இயன்றளவு ஆழத்தில் வைப்பது அதனால்தான். சோதனை குறுகியதாக இருந்தால் மூன்றாம் கட்டம் வராது. வராத கட்டத்துக்குக் கோடு கீறி விடை எடுக்கும் அறிக்கைகளை நம்பவேண்டாம். சுவரின் சேதம் அருகுமுனையில் கூடுதலாக இருப்பது இயல்பு, ஏனெனில் அந்தப் பகுதி சேற்றில் அதிக நாள் ஊறியிருக்கும்.

எந்தப் பகுதி தருகிறது என்பதை ஓட்டமானிகளைச் சுருளிலிருந்து அவிழ்த்து இறக்கும் நீண்ட குழாயிலோ தானே ஊர்ந்து செல்லும் இழுவைக் கருவியிலோ உள்ளே அனுப்பி அறியலாம். கிடைக்குழாயில் நீர் கீழும் எண்ணெய் மேலும் பிரிந்து ஓடுவதால் ஒற்றைச் சுழல்மானியின் அளவீடு ஏமாற்றும். குறுக்குவெட்டின் பல இடங்களில் அளக்கும் கருவியைக் கேளுங்கள்.

இறுதியில் பணம். ஐந்து மடங்கு ஓட்டம் என்பது ஐந்து மடங்கு எண்ணெய் என்றாகாது. அதே எண்ணெயை இரண்டு நிலைக்குத்துக் கிணறுகள் மெதுவாக எடுத்திருக்கும் எனில், கிடைக்கிணற்றின் பயன் அதை முன்னதாக எடுத்ததில் மட்டுமே உள்ளது. அதற்கு வட்டிக் கணக்கில் ஒரு பெறுமதி உண்டு, ஆனால் அது சிறியது. நீர் இழுபட்டு வருவதைத் தாமதப்படுத்தியதால் இல்லாவிட்டால் நிலத்திலேயே தங்கியிருக்கும் எண்ணெய் வெளிவந்தால் அது வேறு கணக்கு. ஆகவே மதிப்பீட்டுத் தாளில் இரண்டையும் தனித்தனி நிரல்களாக எழுதி, முழு நீளமும் படைக்குள் இருக்கும் நிலை, பாதி இருக்கும் நிலை, நீர் எதிர்பார்த்ததற்கு முன் வரும் நிலை ஆகிய மூன்றுக்கும் துளைப்பதற்கு முன்பே நிரப்பிவிடுங்கள். ஓராண்டு உற்பத்தியின் பின் உண்மை எண்களை அவற்றின் அருகே நான்காவதாகச் சேர்த்து, அந்தத் தாளை அடுத்த கிணற்றின் திட்டக் கோப்பில் முதல் பக்கமாக வையுங்கள்.